கிணற்றடியிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை: குடிநீர்ப் பரிசோதனைத் தகவலைத் துறைகளுக்கிடையே கொண்டுபோகும் முழு வழிகாட்டி

சேலம் மாவட்டத்தில் தண்ணீர் சாம்பிள் எடுக்க ஆள் உண்டு, சோதிக்க லேப் உண்டு, பதிவேற்ற இணையதளமும் உண்டு. இருந்தும் ஆய்வுக் கூட்டத்தில் "இந்த மாதம் எத்தனை சாம்பிள் தரத்தில் தவறியது?" என்று கேட்டால் மூன்று துறையிலிருந்து மூன்று எண் வரும். யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் வேறொன்றை எண்ணியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த வேலையைச் சில ஆண்டுகள் ஏற்காடு மலையிலும் கீழே சமவெளி ஒன்றியங்களிலும் செய்தேன். அப்புறம் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் தலையில் விழுந்தது. எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் தொடங்குவதுதான் சிக்கல்: காலி எக்செல் தாளைத் திறந்து அறிக்கையின் தலைப்பைத் தட்டச்சுகிறார்கள். அறிக்கை ஒன்பதாவது படி. அங்கே தெரியும் பிழை மூன்றாவது படியில் நடந்திருக்கும்.

1. யார் எதைத் தருகிறார்கள் என்று ஒரே தாளில் எழுதுங்கள்

முதல் நாள் கணினியைத் தொட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள் போதும்.

ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர் தினமும் குளோரின் போடுகிறார், செயலர் பதிவேடு எழுதுகிறார். கிராமத்துக்கு ஐந்து பெண்கள் என்ற கணக்கில் பயிற்சி பெற்றவர்கள் களச் சோதனைக் கிட் வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்றியத்தில் இதற்குப் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலர். இரண்டு பிடிஓக்களில் 'கிராம ஊராட்சி' என்று அடைப்புக்குறிக்குள் இருப்பவர். குடிநீர் வடிகால் வாரியத்திடம் லேபும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் இருக்கின்றன. சுகாதார ஆய்வாளர் தனியாகச் சாம்பிள் எடுப்பார், குளோரின் பார்ப்பார். வயிற்றுப்போக்குக் கணக்கும் அந்தத் துறையில்தான் சேரும். மேலே கலெக்டர் தலைமையில் மாவட்ட நீர் மற்றும் சுகாதார இயக்கம்.

ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தத் தாள், எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்து. கையெழுத்தை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், தகவல் நிற்கிற இடம் பெரும்பாலும் கையெழுத்துக்குக் காத்திருக்கிற மேசைதான்.

கூட்டுக் குடிநீர்த் திட்டமாக இருந்தால் பொறுப்பு எங்கே கை மாறுகிறது என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் ஊரின் தரைத் தொட்டியான சம்ப்பில் விழும்வரை ஒருவர் பொறுப்பு, அதற்குப் பிறகு டேங்க், தெருக்குழாய் இன்னொருவர் பொறுப்பு. சம்ப்பில் குளோரின் சரியாக இருந்து கடைசித் தெருவில் இல்லையென்றால் யாருக்குப் போன் செய்வது என்பதை அன்றைக்கு யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500:2012 வரம்புப் பட்டியல், பிற்பாடு வந்த திருத்தங்களோடு. பழைய நகலை யாரோ லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

கிராம வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் மிஷனின் தண்ணீர்த் தரத் தகவல் தளத்துக்கான உள்நுழைவு. ஊராட்சி, குக்கிராமக் குறியீடுகளின் பட்டியல். லேப் எந்தெந்தக் கிழமையில் கிருமிச் சோதனைக்குச் சாம்பிள் வாங்கும் என்ற விவரம். இதைக் கேட்காமல் வெள்ளிக்கிழமை மாலை ஐஸ் பெட்டியோடு போய் நின்றவர்கள் உண்டு. கிருமிச் சோதனைக்கு 24 முதல் 48 மணி நேரம் அடைகாக்க வேண்டும். சனி ஞாயிறு யார் பார்ப்பார்கள்?

இன்னொன்று, யூனிகோடு எழுத்துரு. பழைய கோப்புகள் பல வானவில் எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் நிற்கும். முதலிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எந்தப் பெயரும் தேடலில் சிக்காது.

3. தண்ணீர் ஆதாரப் பட்டியல்: இங்கே அவசரப்படாதீர்கள்

எல்லாத் தகவலும் கோர்க்கப்படும் நூல் இதுதான். ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு திறந்த கிணறு, ஒரு ஊற்று, ஒரு டேங்க், ஒரு குழாய், எல்லாம் தனித்தனி வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. அந்தக் குறியீடு கடைசிவரை மாறக்கூடாது.

ஊர்ப்பெயரை நம்பி வேலை செய்ய முடியாது. ஒரே ஒன்றியத்தில் இரண்டு அண்ணா நகர், மூன்று காமராஜ் நகர் இருக்கும். ஏற்காட்டில் மஞ்சக்குட்டை என்று ஒரு பட்டியலில் இருப்பது இன்னொன்றில் மஞ்சகுட்டை என்று 'க்' இல்லாமல் இருக்கும். நமக்கு ஒரே ஊர், கணினிக்கு இரண்டு ஊர். எஸ்டேட் லைன் வீடுகள் இன்னும் மோசம். மக்கள் எஸ்டேட் பெயரைச் சொல்வார்கள், பட்டியலில் வேறொரு பெயர் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. துறைகள் நிலத்தைப் பார்க்கும் விதமே வேறு. ஊரக வளர்ச்சிக்கு ஊராட்சியும் குக்கிராமமும். வருவாய்த் துறைக்கு வருவாய் கிராமம். சுகாதாரத் துறைக்குத் துணை சுகாதார நிலையத்தின் எல்லை. வாரியத்துக்குத் திட்டத்தின் பெயர். ஒரு துணை சுகாதார நிலையத்தின் கீழ் இரண்டு ஊராட்சியின் குக்கிராமங்கள் வரலாம். "அந்த ஊரில் வயிற்றுப்போக்கு கூடியிருக்கிறது, தண்ணீர் ரிசல்ட் என்ன?" என்று கேட்கும்போது 'அந்த ஊர்' என்பது எது என்பதிலேயே அரை நாள் போகும்.

ஆகவே பட்டியலில் ஒவ்வொரு ஆதாரத்துக்கும் நேராக இந்த நான்கையும் எழுதுங்கள்: குக்கிராமக் குறியீடு, வருவாய் கிராமம், துணை சுகாதார நிலையம், திட்டத்தின் பெயர். இரண்டு வாரம் பிடிக்கும். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் செயலரிடமும் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத முடியும். இந்த இரண்டு வாரத்தைச் சேமிக்க நினைத்தவர்கள், பிறகு ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இடக்குறிப்பும் வேண்டும். "கோயில் பக்கத்து போர்" என்று எழுதாமல் கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துக்கொள்ளுங்கள். போர் வற்றி, பத்தடி தள்ளிப் புதிதாகப் போட்டால் அது புதிய ஆதாரம், புதிய குறியீடு. பழைய குறியீட்டில் புதிய தண்ணீரின் ரிசல்ட்டை எழுதினால், ஃப்ளோரைடு திடீரென்று குறைந்தது போலவோ கூடியது போலவோ தெரியும். யாராவது அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடிப்பார்கள்.

எக்செலில் குறியீட்டுப் பத்தியை 'எழுத்து' வடிவத்துக்கு மாற்றிய பிறகே தட்டச்சுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். நீளமான எண் நடுவில் புள்ளி வைத்துச் சுருங்கிவிடும்.

4. சாம்பிள் நாள்: தாள் பாட்டிலுக்கு முன்னால் போக வேண்டும்

ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வேதிச் சோதனை, இரண்டு முறை கிருமிச் சோதனை என்பது ஜல் ஜீவன் வழிமுறை. கிருமிச் சோதனை மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. நம் மாவட்டத்தில் 'மழைக்கு முன்' எது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மலையில் கோடை மழையிலேயே ஊற்றுத் தண்ணீர் கலங்கத் தொடங்கும். அதனால் ஏப்ரல் முதல் பாதியிலேயே முதல் சுற்றை முடித்துவிடுவது என் வழக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியில் இரண்டாவது. மே மாதக் கோடை விழா நாட்களில் மலைக்குப் போய்ச் சாம்பிள் எடுக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் நிற்க, ஐஸ் உருகிப் பாட்டில்கள் மிதக்கும்.

முந்தின நாள் மாலையே சாம்பிள் எண்களை ஒதுக்கி, தாளையும் பாட்டிலையும் தயார் செய்யுங்கள். எண், ஆதாரக் குறியீடு, எடுக்கும் இடம், நேரம், எடுத்தவர், களத்தில் பார்த்த குளோரின் அளவு. இந்த ஆறும் இல்லாத பாட்டில் வெறும் தண்ணீர்ப் பாட்டில்தான்.

'எடுக்கும் இடம்' என்பதைத்தான் புதியவர்கள் அதிகம் விடுகிறார்கள். போரிலேயே எடுத்ததா, டேங்க்கிலா, கடைசி வீட்டுக் குழாயிலா? குளோரின் போடுமுன் போரில் எடுத்த தண்ணீரில் கிருமி இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்; அங்கன்வாடிக் குழாயில் இருந்தால் அன்றைக்கே ஓட வேண்டிய அர்த்தம். ரிசல்ட் தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எடுக்கும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். வேதிச் சோதனைக்கான பெரிய பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கிருமிச் சோதனைக்கான சின்ன பாட்டிலை அலசவே கூடாது. அது கிருமி நீக்கியது. குளோரின் கலந்த தண்ணீருக்கானது என்றால் உள்ளே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்கும். சுத்தமாக இருக்கட்டும் என்று அலசினால் அது போய்விடும். வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். லேப்பில் 'நல்ல தண்ணீர்' என்று வரும். இந்தப் பிழை தகவலில் எங்குமே தெரியாது, அதனால்தான் ஆபத்தானது. அந்தப் பாட்டிலை விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். கலக்க இடம் விடுங்கள்.

குளோரினை அங்கேயே, அதன் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்து எழுதுங்கள். மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் அது குறைந்துவிடும்.

அப்புறம் பேனா. என் முதல் சுற்றில் பன்னிரண்டு பாட்டில்களில் ஜெல் பேனாவால் அழகாக எண் எழுதி ஒட்டினேன். குப்பனூர் வழியாக இறங்கி, சேலத்தில் பெட்டியைத் திறந்தால் ஐஸ் தண்ணீரில் நீல மை கரைந்து, பன்னிரண்டு வெள்ளை லேபிள்கள். எது நாகலூர், எது மாரமங்கலம் என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அத்தனையையும் கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி ஏறினேன். அழியாத மார்க்கர், லேபிள் மேல் செல்லோடேப், மூடியிலும் அதே எண். மூன்றும் வேண்டும்.

லேப்பில் கொடுக்கும்போது பெற்றுக்கொண்ட நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். எடுத்த நேரத்துக்கும் கொடுத்த நேரத்துக்கும் நடுவில் 24 மணி நேரத்துக்கு மேல் ஆன கிருமிச் சாம்பிளை எண்ணிக்கைக்காகக்கூடச் சேர்க்காதீர்கள்.

5. ரிசல்ட்டைப் பதியும்போது

லேப் தாள் வந்துவிட்டது. இனி எண்களைத் தட்டச்சுவதுதானே என்று தோன்றும். குளறுபடிகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

காலி, சுழியம், 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' ஆகிய மூன்றும் வேறு வேறு. சோதிக்கவே இல்லையென்றால் காலி. 'பிடிஎல்' என்று லேப் எழுதியிருந்தால், சோதித்தார்கள், கருவி காணக்கூடிய அளவுக்குக் குறைவாக இருந்தது என்று அர்த்தம். இரண்டையும் 0 என்று எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து ஃப்ளோரைடு பார்க்காத ஊர்களெல்லாம் ஃப்ளோரைடு இல்லாத ஊர்களாகிவிடும். எண்ணுக்கு ஒரு பத்தி, குறிக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக வையுங்கள்.

குறிக்குத் தனிப் பத்தி ஏன் என்பதற்கு இன்னொரு உதாரணம்: ஈ.கோலை போன்ற கோலிஃபார்ம் கிருமிகளின் ரிசல்ட்டில் '<2' என்றோ '<1.8' என்றோ வரும். லேப்பின் எந்தச் சோதனைக் குழாயிலும் கிருமி வளரவில்லை, அதாவது தேறியது என்று பொருள். '<' குறியை விட்டுவிட்டு 2 என்று மட்டும் எழுதினால் அந்த ஊர் தவறிய பட்டியலில் ஏறும். 100 மில்லியில் ஈ.கோலை இருக்கவே கூடாது என்பதுதான் வரம்பு. அங்கே 2 என்பது சின்ன எண் இல்லை.

நைட்ரேட்டில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பு நைட்ரேட்டாகக் கணக்கிட்டதற்கு. சில லேப்கள் நைட்ரஜனாகக் கணக்கிட்டு எழுதும். அப்படி 12 என்று வந்தால் 4.43-ஆல் பெருக்க வேண்டும். 53 ஆகிறது, தவறிவிட்டது. 12-ஐ அப்படியே 45-க்குப் பக்கத்தில் வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம், குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டில் அந்த நிம்மதி இருக்காது.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03/04 என்பதைச் சில கணினிகள் மார்ச் 4 ஆக்கிவிடும். நிதியாண்டு நடுவில் மாறுவதால் ஒரே சாம்பிள் போன வருடக் கணக்கில் போய் உட்காரும். மார்ச் 30-இல் எடுத்து ஏப்ரல் 3-இல் ரிசல்ட் வந்தால் எந்த ஆண்டு? சாம்பிள் எடுத்த தேதிதான் கணக்கு என்று எல்லாத் துறையோடும் முன்கூட்டியே பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் ரிசல்ட்டையும் லேப் ரிசல்ட்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். கிட் நிறத்தைப் பார்த்துத் தோராயமாகச் சொல்கிறது. 24 முதல் 48 மணி நேரத்தில் கறுக்கும் எச்2எஸ் குப்பி "இங்கே ஏதோ இருக்கிறது, லேப்புக்கு அனுப்பு" என்று சொல்கிறது. அந்த வேலைக்கு அது நல்ல கருவி.

சரி, இப்போது வரம்பு. பலரும் 'தேறியது / தவறியது' என்று இரண்டே பெட்டி வைக்கிறார்கள். தர நிர்ணயத்தில் பல பொருள்களுக்கு இரண்டு வரம்பு உண்டு: ஏற்கத்தக்கது ஒன்று, மாற்று ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படுவது இன்னொன்று. லிட்டருக்கு மில்லிகிராமில், மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600. கரைந்த உப்புகளுக்கு 500, 2000. ஃப்ளோரைடுக்கு 1.0, 1.5. நைட்ரேட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. கார அமிலத்தன்மைக்கும் 6.5 முதல் 8.5 வரை மட்டுமே. எனவே மூன்று பெட்டி வேண்டும்.

நடுப்பெட்டிக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சேலத்தைச் சுற்றி, மாக்னசைட் பூமியில், கடினத்தன்மை 580 என்பது சாதாரணம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும். மாற்று ஆதாரம் இல்லாத ஊரில் 580 அனுமதி எல்லைக்குள். அதே ஊருக்குக் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டால்? மாற்று ஆதாரம் இருக்கிறது. அப்போது 580-ஐ அனுமதி என்று எழுத முடியாது. தண்ணீர் மாறவில்லை, நிலை மாறுகிறது. ஆகவே 'மாற்று ஆதாரம் உண்டா' என்ற பத்தி ஆதாரப் பட்டியலில் இருக்க வேண்டும், திட்டம் தொடங்கிய அன்று அது திருத்தப்படவும் வேண்டும். இந்தத் திருத்தத்தைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

6. தவறிய சாம்பிள்: போன் முதலில், கோப்பு பிறகு

ஃப்ளோரைடும் கடினத்தன்மையும் தவறினால் ஒரு வாரம் பொறுக்கும். கிருமி தவறினால் ஒரு நாள்கூடப் பொறுக்காது. இரண்டையும் ஒரே தபாலில் போடுவது பெரிய தவறு.

ரிசல்ட் வந்த நிமிடமே செயலருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் போன். அன்றே பிடிஓவுக்கும் வாரியத்தின் உதவிப் பொறியாளருக்கும் வாட்ஸ்ஆப்பில் ரிசல்ட் தாளின் படம், கீழே ஒரே வரி: குறியீடு, எடுத்த இடம், எடுத்த தேதி, என்ன தவறியது. மறுநாள் காலை கையெழுத்திட்ட கடிதம். கடிதம் பதிவுக்கு, போன்தான் வேலைக்கு.

போனில் இப்படித்தான் பேச வேண்டியிருக்கும்:

"அக்கா, உங்க ஊர் மேல்டேங்க் ரிசல்ட்ல கிருமி வந்திருக்குங்க."

"நேத்துகூட பவுடர் போட்டோமே தம்பி."

"எவ்வளவுங்க போட்டீங்க? குழாய்ல பார்த்தீங்களா?"

"பார்க்கலைங்க. குளோரோஸ்கோப் சொட்டு மருந்து தீர்ந்து ரெண்டு வாரமாச்சு."

இந்தக் கடைசி வரிதான் தகவல். இதைக் 'காரணம்' என்ற பத்தியில் எழுதுங்கள்: 'சோதனை மருந்து இருப்பில்லை'. பெரும்பாலான தாள்களில் காரணம் என்ற இடத்தில் 'குளோரினேற்றம் செய்ய அறிவுறுத்தப்பட்டது' என்று இருக்கும். அது காரணமும் இல்லை, நடவடிக்கையும் இல்லை.

நடவடிக்கை முடிந்த பின் மறுசாம்பிள். அதற்குப் புதிய எண் கொடுத்து, 'முந்தைய சாம்பிள் எண்' என்ற பத்தியில் பழையதைக் குறியுங்கள். பழைய வரியின் மேலேயே நல்ல ரிசல்ட்டை எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், ஆண்டு முழுக்கத் தவறிய சாம்பிளே இல்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மலைமேல் ஒரு குக்கிராமத்தில் ஒரே ஊற்றுத் தொட்டி மூன்று முறை தவறி மூன்று முறை சரியாகியிருந்தது. மூன்று முறையும் வரி மேலெழுதப்பட்டிருந்ததால், தொட்டியின் மூடி உடைந்திருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. லேப்பின் நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

மறுசாம்பிளை அதே இடத்தில் எடுங்கள். குழாயில் தவறிவிட்டு டேங்க்கில் தேறினால் அந்தக் கணக்கு முடியவில்லை. தவறிய வரி மூடப்பட வேண்டுமானால் நான்கும் வேண்டும்: காரணம், செய்த வேலை, மறுசாம்பிள் எண், தேறிய தேதி. குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஊரில் மஞ்சள் காமாலை போன்ற வைரஸ் நோய் அச்சம் இருந்தால் 0.5.

7. தளத்தில் ஏற்றுவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. உங்கள் பட்டியல் சரியாக இருந்தால் இது தட்டச்சு வேலைதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தளம் தரும் சாம்பிள் எண்ணை அன்றே உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பொருத்துவது நரகம். மலையில் சிக்னல் இல்லாமல் இரவு வீட்டுக்கு வந்து ஏற்றினால் சாம்பிள் தேதியாக அன்றைய தேதி தானாக விழுந்துவிடாமல் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிச் சாம்பிள்கள் இந்த ஊரகக் கணக்கில் வராது. சேலம் மாநகராட்சி எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில் இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

8. மாதம் ஒரு முறை, ஒரே மேசையில்

ஆய்வுக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு வாரியத்திலிருந்து ஒருவர், ஒன்றியத்திலிருந்து ஒருவர், சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர். அதிகாரிகள் வேண்டாம், தாளைக் கையில் வைத்திருப்பவர்கள் வரட்டும். ஒரு மணி நேரம், டீயோடு.

முதலில் மொத்தத்தை ஒப்பிடாதீர்கள். மொத்தம் எப்போதும் பொருந்தாது, பேச்சு சண்டையாகிவிடும். குறியீடு வாரியாக வரிகளைப் பொருத்துங்கள். ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாத வரிகளை மட்டும் பேசுங்கள். பெரும்பாலும் மூன்று காரணம்தான் இருக்கும்: சுகாதார ஆய்வாளர் எடுத்த சாம்பிள் தளத்தில் ஏறவில்லை, மறுசாம்பிளை ஒருவர் எண்ணினார் மற்றவர் எண்ணவில்லை, தேதி மாறிவிட்டது.

அதன் பிறகு தவறிய ஆதாரங்களின் பட்டியலையும் வயிற்றுப்போக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது படியில் துணை சுகாதார நிலையத்தை எழுதியது இதற்காகத்தான். நோயாளிகளின் பெயர் வேண்டாம். வாரம், ஊர், எண்ணிக்கை போதும். பெயரோடு கேட்டால் அவர்கள் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

9. அறிக்கை

விழுக்காட்டைத் தனியாக எழுதாதீர்கள். எதில் எத்தனை என்று எழுதுங்கள். ஓர் ஒன்றியத்தில் 40 ஆதாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். 25-ஐச் சோதித்து 24 தேறினால் '96 விழுக்காடு' என்று போடலாம். சோதிக்காத 15 எங்கே போனது? மலைப்பகுதியில் சோதிக்காமல் விடுபடுவது எப்போதும் பஸ் போகாத ஊர்தான், ஓடையில் தண்ணீர் எடுக்கிற ஊரும் பெரும்பாலும் அதுதான்.

எனவே நான்கு எண், இந்த வரிசையில்: மொத்த ஆதாரம், சோதித்தது, தவறியது, தவறியதில் மூடப்பட்டது. கிருமியும் வேதியும் தனித்தனி வரி. மலையும் சமவெளியும் தனித்தனி வரி. மலையில் பொதுவாகக் கிருமிதான் தொல்லை, கீழே ஃப்ளோரைடும் கடினத்தன்மையும். இரண்டையும் கூட்டினால் யாருக்கும் உதவாத ஒரு சராசரி வரும்.

எண்களுக்குக் கீழே மூடப்படாத ஆதாரங்களின் பெயர்ப் பட்டியல், எத்தனை நாளாகத் திறந்திருக்கிறது என்பதோடு. கலெக்டர் அதைத்தான் படிப்பார்.

கிராம சபைக்குத் தனித் தாள் வேண்டும், முக்கியமாக மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கூட்டத்துக்கு. அதில் மில்லிகிராம் வேண்டாம். "பள்ளிக்கூடத்துக் குழாய்: குடிக்கலாம். கீழ்த்தெரு போர்: துவைக்க, குளிக்க மட்டும்" என்று பெரிய எழுத்தில், கடைசியாகச் சோதித்த தேதியோடு. அதையே டேங்க் தூணிலும் ஒட்டலாம். செயலர் தயங்கினால், ஒட்டாத ஊரில் வதந்திதான் ஒட்டும் என்று சொல்லிப் பாருங்கள்; எனக்கு இரண்டு முறை பலித்தது.

10. கை மாறும்போது

இந்த வேலையில் இருப்பவர்கள் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள், அதிகாரிகளுக்கும் இடமாற்றம் வரும். போகிறவரின் கைபேசிக்குத்தான் தளத்தின் ஓடிபி போய்க்கொண்டிருக்கும். புதியவர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் போன் செய்து "சார், ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பார், அவர் வேறு மாவட்டத்தில் மீட்டிங்கில் இருப்பார். பொறுப்பை ஒப்படைக்கும் முன் எண்ணை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள்.

ஆதாரப் பட்டியலின் அச்சு நகல், திறந்திருக்கும் தவறிய வரிகளின் பட்டியல், லேப் வாங்கும் கிழமைகள், எல்லாத் துறையின் போன் எண்கள். இவ்வளவையும் ஒரு நோட்டில் ஒட்டி, புதியவரோடு ஒரு நாள் மலைக்குப் போய்விட்டு வாருங்கள். எந்த ஊற்றுக்கு எஸ்டேட் கேட் வழியாகப் போக வேண்டும், எந்த டேங்க்கின் சாவி எந்த டீக்கடையில் தொங்குகிறது என்பதெல்லாம் எந்தப் பத்தியிலும் இல்லை.